மஞ்சள் பற்றி ஒரு திருத்தம்

மாராத்தாள் வந்து நின்றபோது நான் மாவடுவுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பங்குனி மாதத்து மத்தியானம். முதலமடைத் தோப்பில் காற்று நின்றுபோய், இலைகளெல்லாம் யாரோ திட்டிவிட்டதுபோல் தொங்கிக்கொண்டிருந்தன. என் இரண்டு கையும் உப்புநீருக்குள். விரலிடுக்கில் ஒரு வெட்டு இருந்தது, அது எரிந்தது. அந்த எரிச்சல் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. வருஷம் ஞாபகமில்லை.

அவள் தோட்டத்துச் சாளைக் குடிசைக்கு வெளியே, முருங்கை நிழலில் நின்றாள். கால் முழுக்க வண்டிப்பாதைப் புழுதி. போன மாதம் கப்பலுக்குப் போனவள். கணக்குப்படி இந்நேரம் பினாங்குக்கு அக்கரையில், ஏதோ ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், புருஷனுக்குச் சோறு வடித்துக்கொண்டிருக்க வேண்டியவள்.

"என்ன மாராத்தா, கப்பல் உன்னைய உட்டுப்போட்டுப் போயிருச்சா?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

அவள் மடியிலிருந்து ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்து உப்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். பாதி தேய்ந்த கிழங்கு. கல்லில் உரசின பக்கம் வழவழவென்று, நகம்போல் பளபளத்தது.

"மிச்சமுங்க" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். போகும்போது அவள் இடுப்பில் ஒரு பெண்குழந்தை இருந்தது. இப்போது இடுப்பு காலி. ஆனாலும் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றாள், குழந்தையைச் சுமக்கிறவர்கள் நிற்பார்களே, அப்படி.

ஆசிரியர் கேட்டது

இந்தத் தொடரில் என் மலாய்நாட்டு வாசத்தைப் பற்றி நாலைந்து வாரமாக எழுதிவருகிறேன். படித்தவர்கள் சிலர், கடல் தாண்டிப் போகிறவர்களுக்கு உபயோகமான யோசனைகளைத் தொகுத்துக் கொடுத்தால் என்ன என்று பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார்களாம். 'ஒரு வாரத்தை அதற்கே ஒதுக்குங்கள். வர்ணனையைக் குறைத்துக்கொண்டு, வரிசையாக எழுதுங்கள்' என்று ஆசிரியர் ஒரு கார்டு போட்டிருந்தார்.

வரிசையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு அது புதிதல்ல. பதினாறு யோசனைகள். வருஷக்கணக்காக வாயால் சொல்லிச் சொல்லி, ஆற்றுக் கல்போல் உருண்டு திரண்டு கிடப்பவை. பதினைந்து எழுதி முடித்தேன். பதினாறாவதில் பேனா நின்றது. எழுந்து நடந்தேன். ஒரே இடத்தில் உட்காராத பிறவி நான். தோப்பை நாலு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி உட்கார்ந்தேன். அப்போதும் நின்றது.

எழுதின தாளைக் கிழித்துப்போட்டேன். ஆசிரியர் மன்னிக்க வேண்டும். இந்த வாரம் யோசனை ஒன்றே ஒன்றுதான். அதுவும் யோசனை இல்லை, ஒரு திருத்தம்.

கப்பக்காரர்

மலாய்நாட்டிலிருந்து நான் ஊர் திரும்பியபோது என்னிடம் ஒரு தகரப்பெட்டியும், சளி கட்டிய மார்பும், நிறையப் பேச்சும் இருந்தன. ஒரு துரையின் தோட்டத்தில் கிராணியாக மூன்று வருஷம் கணக்கு எழுதியவன் நான். ஊரில் என் பெயரை ஒரே வாரத்தில் மறந்துபோனார்கள். 'கப்பக்காரர்' என்று வைத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கிழக்குச் சீமையில் மழை பொய்த்துக்கொண்டே இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, நம் பக்கம் வெறும் மேகத்தைக் காட்டிவிட்டுப் போகும் வானம். கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்தால் சேறு வரும். தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கும் கங்காணிகள் வெள்ளைச் சட்டையோடு வந்து இறங்குவார்கள். பத்துப் பேர், பதினைந்து பேர் என்று புறப்படுவார்கள். புறப்படுவதற்கு முன்னால் என் சாளைக்கு ஒரு நடை வருவார்கள்.

"ஏனுங்க கப்பக்காரரே, கப்பல்ல கொல்லைக்கு எங்கீங்க போறது?" என்று எவனாவது ஆரம்பிப்பான்.

"கடலுக்குத்தான்."

"அப்ப அந்த மீனையாங்க இவிங்க திங்கறது?"

வண்டிக்கார வேலப்பன் தூரத்தில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே குரல் கொடுப்பான்: "அவரைக் கேளு, கடல்ல எத்தனை படித் தண்ணின்னு அளந்து வெச்சிருப்பாரு!"

எல்லாரும் சிரித்து முடித்த பிறகு நான் தொண்டையைச் செருமுவேன். சிரிப்பு அடங்கி, இருபது கண்கள் என் வாயைப் பார்க்கும் அந்த நிமிஷம் இருக்கிறதே, அதற்காக நான் எதையும் சொல்லியிருப்பேன். சொன்னேன்.

புகைபோக்கிக்குப் பக்கத்தில் பாயை விரிக்காதே, கரி மழைபோல் விழும். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்திலும் விரிக்காதே, ஊரே உன்னை மிதித்துக்கொண்டு போகும். உப்பில் ஊறிய நாரத்தங்காய் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள். குமட்டல் வரும்போது கீழே பார்க்காதே, கடலும் வானமும் ஒட்டுகிற கோட்டையே பார். மூட்டையின் கயிற்றைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு தூங்கு. கங்காணியின் சீட்டில் என்ன பெயரோ, கேட்கும்போதெல்லாம் அதே பெயரைச் சொல்லு. செல்லப்பெயர் சொல்லி மாட்டிக்கொள்ளாதே. அக்கரையில் இறங்கியதும் முதலில் தமிழில் பேசுகிறவனை நம்பாதே.

இப்படிப் பதினைந்து. எல்லாம் சரியானவைதான்.

பதினாறாவதுதான் எனக்குப் பிடித்தது. அதை மட்டும் நான் கொஞ்சம் குரலை இறக்கிச் சொல்வேன். கடல்காற்றில் உப்பு இருக்கிறது, அது தோலை அரிக்கும், குழந்தைகளுக்குப் புண்ணாகும், அதனால் வேப்பந்தழையும் மஞ்சளும் வைத்து அரைத்து உடம்பில் பூசிக்கொள்ளுங்கள் என்பது விஷயம். ஆனால் விஷயத்தை விஷயமாகச் சொல்லும் பழக்கம் எனக்கு ஏது? இப்படிச் சொல்வேன்:

"கடலுக்குப் பல்லு உண்டு. மஞ்சள் பூசின உடம்பைக் கண்டா அது வாயைத் தொறக்காது."

பெண்கள் இதைக் கேட்டதும் தங்களுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வார்கள். உதடு அசைவது தெரியும். அதைப் பார்த்து நான் பூரித்துப்போவேன்.

மேல்தட்டு

இதை எழுதத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று. எழுதிவிடுகிறேன்.

நான் டெக்கில் பயணம் செய்தவனில்லை.

துரையின் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்ட அவசரத்தில் எனக்கு இரண்டாம் வகுப்புச் சீட்டு அனுப்பியிருந்தார்கள். போகும்போதும் அதுதான், வரும்போதும் அதுதான். எனக்கு ஓர் அறை, ஒரு வட்ட ஜன்னல், வெள்ளைத் துப்பட்டி விரித்த ஒரு படுக்கை. கீழே டெக்கில், திறந்த வானத்தின் கீழே, ஆட்டு மந்தைபோல் நம் ஜனங்கள். நான் மேல்தட்டுக் கம்பியில் சாய்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். புகைபோக்கிக் கரி அவர்கள்மேல் விழுந்ததைப் பார்த்தேன். கணுக்காலில் கயிறு கட்டித் தூங்கினவனைப் பார்த்தேன். எல்லாம் பார்த்தது. ஒன்றும் பட்டதில்லை.

போகும்போது, ஐந்தாம் நாள், ஒரு பெண் தன் குழந்தையை மடியில் குப்புறப் போட்டு, தகரக் குவளையில் குழைத்த மஞ்சளையும் வேப்பிலை விழுதையும் முதுகெல்லாம் பூசிக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயில். அந்தச் சின்ன முதுகு பொன்னாக மின்னியது. எவ்வளவு அழகு என்று நினைத்தேன். அந்த அழகுதான் என்னோடு ஊருக்கு வந்தது.

அது ஐந்தாம் நாள் என்பது என்னோடு வரவில்லை.

ஊரில் டெக்கைப் பற்றித்தான் கேட்டார்கள். அறையைப் பற்றிச் சொன்னால் யார் கேட்பார்? அவர்கள் போகப்போவது டெக்கில். முதலில் "டெக்கில் இப்படி" என்றேன். பிறகு "டெக்கில் நாங்கள்" என்றேன். அந்த 'நாங்கள்' எந்த நாளில் வாயில் வந்து ஒட்டியது என்று எனக்குத் தெரியாது.

மாராத்தாள் கேட்டது

மாராத்தாளின் புருஷன் நாச்சிமுத்து, நான் ஊர் திரும்புவதற்கு முன்பே, இரண்டு வருஷம் முந்திப் போனவன். குழந்தை அப்போது வயிற்றில். பெயர் செல்லாத்தா என்று கடிதத்தில்தான் அவனுக்குச் சொன்னோம். அந்தக் கடிதத்தை எழுதியவன் நான். அவன் பதில் போட்டிருந்தான்: 'லயத்தில் ஒரு அறை கிடைத்துவிட்டது. இரண்டு பேரும் வந்து சேரவும். குழந்தை என்னைப் பார்த்து அழுமா?'

அந்தக் கடைசி வரியை நான் வாசித்தபோது மாராத்தாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

மாசியில், தோப்பெல்லாம் பூவாக இருந்தபோது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யோசனை கேட்க வந்தாள். செல்லாத்தாவுக்கு ஒன்றரை வயது நடந்துகொண்டிருந்தது. என் மேல்துண்டின் நுனியைப் பிடித்துச் சப்பினாள்.

பதினாறையும் சொன்னேன். அவள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டாள். கடைசி விரலில் நிறுத்தி, "எப்பீங்க பூசறது?" என்று கேட்டாள்.

என்ன கேள்வி! இத்தனை பேரில் ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கு உடனே பதில் வந்தது. பதில் எனக்கு எப்போதும் உடனே வந்துவிடும்.

"கடல்காத்து மொகத்துல அடிக்கிறதுக்கு முந்தியே. கரையிலயே பூசிப்போடு."

"கரையிலயே" என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

வேலப்பன் வண்டியில் பாலக்காடு வரைக்கும் போய், அங்கே கங்காணி கூட்டத்தோடு ரயில் ஏறினாள். வண்டி வளைவில் திரும்பி மறையும்வரை நானும் வேலியோரம் நின்றேன். குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள்.

துறைமுகத்து வரிசை

நாகப்பட்டணத்துக் கரையில் நடந்ததை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். உப்புச் சட்டி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. அவள் அழவில்லை. ஒரு வழி சொல்வதுபோல், இங்கே திரும்பி அங்கே போகணும் என்பதுபோல் சொன்னாள்.

"ரயில்ல ரண்டு நாளு நெருக்கமுங்க. கொளந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு பொரிஞ்சு போச்சுங்க. கரைக்கு வந்ததும் நீங்க சொன்னதெ நெனச்சேன். ஒரு கல்லு கெடச்சுது. மஞ்சளெ உரசி, தழையெ நசுக்கி, கொளந்தைக்குத் தலையில இருந்து காலு மட்டும் பூசுனனுங்க. எனக்கும் பூசிக்கிட்டேன். கூட வந்தவிங்க ஆரும் பூசலீங்க. அவிங்களுக்குத் தெரியாதாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க."

கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். படகில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். படகுக்கு முன்னால் ஒரு வரிசை. வரிசைக் கடைசியில் டாக்டரும் கம்பவுண்டரும். நாக்கைப் பார்ப்பார்கள், கண்ணிமையைப் பிதுக்கிப் பார்ப்பார்கள், அனுப்புவார்கள்.

"கம்பவுண்டரு கொளந்தைகிட்ட மூக்கெ வெச்சு மோந்தானுங்க. 'ஊட்டுல அம்மை போட்டிருக்குதா'ன்னான். இல்லீங்கன்னேன். 'பின்னெ மஞ்சளும் வேப்பந்தழையும் எதுக்கு'ன்னான். கடலுக்குங்கன்னேன். சிரிச்சுப் போட்டானுங்க. தண்ணியெ ஊத்திக் கழுவிப் பாத்தாங்க. செவப்புச் செவப்பா குரு. வேர்க்குருங்கன்னேன். 'எல்லாரும் மொதல்ல அப்பிடித்தான் சொல்லுவாங்க'ன்னு டாக்டரு கையெ ஆட்டிட்டாருங்க."

அந்தக் கம்பவுண்டர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மூக்கு நம் மூக்கு. பெரியம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பங்கொத்துச் செருகுகிற ஊரில் வளர்ந்த மூக்கு. அம்மை இறங்கினவர்களுக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்த மூக்கு. வெள்ளைக்கார டாக்டர் மட்டும் இருந்திருந்தால் ஏதோ காட்டுமிராண்டிப் பூச்சு என்று முகத்தைச் சுளித்துவிட்டு அனுப்பியிருப்பார்.

ஐந்தாம் நாள் கடலில் அதையே பூசினவளை மோந்து பார்க்க யாருமில்லை. அவள் வரிசையைத் தாண்டி வந்தவள். வரிசை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இரண்டாம் வகுப்புக்காரனுக்கு டாக்டர் தொப்பியைத் தொட்டு ஒரு 'குட் மார்னிங்' சொன்னார், அவ்வளவுதான். நானும் பதிலுக்குச் சொன்னேன்.

"'ஒருத்திக்காகக் கப்பல் நிக்குமா, அடுத்த கப்பல்ல வா'ன்னு கங்காணி சொல்லிப்போட்டுப் படகுல ஏறிட்டானுங்க" என்றாள் மாராத்தாள்.

ஊருக்கு வெளியே சவுக்குத் தோப்பில் ஓலைக் கொட்டகை. அம்மைக்காரர்களை வைக்கிற இடம். அங்கே இருந்தவர்களுக்கு நிஜமாகவே அம்மை. பக்கத்துப் பாயில் ஒரு குழந்தை. செல்லாத்தாவுக்கு ஊரில் அம்மை குத்தியிருந்தது. குத்தின இடம் பழுக்காமலே வறண்டுபோயிருந்தது, அதாவது குத்தினது பிடிக்கவில்லை. வேர்க்குரு மூன்று நாளில் மறைந்தது. "பாருங்க, வேர்க்குருதானுங்க" என்று கொட்டகைக்கு வந்தவர்களிடமெல்லாம் முதுகைக் காட்டினாளாம். தனியே வைக்கிற கணக்கு நாள் முடியாமல் விட முடியாது என்றார்களாம்.

கணக்கு நாள் முடிவதற்குள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது.

"அப்பறம் அங்கியும் அதேதானுங்க. வேப்பந்தழையில படுக்க வெச்சு, மஞ்சத்தண்ணி தெளிச்சு…"

தோப்பில் ஒரு வடு சொத்தென்று விழுந்தது.

அவள் சொல்லிவிட்டுப் போனது

நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஏதாவது பேசியிருப்பேன். பேசாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பார்த்தேன். அவள் எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு சொன்னாள்:

"இதெச் சொல்லிப்போட்டுப் போகத்தானுங்க வந்தேன். மஞ்சளெ கப்பல் ஏறுன பொறவு பூசோணுமுங்க. முன்னாடி இல்லீங்க. அடுத்துப் போறவிங்களுக்கு அப்பிடிச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாம இருந்திருக்குது."

'உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.' அந்தச் சொல்லில் குத்தல் இல்லை. எனக்கு ஒரு தகவல் கொடுக்கிறாள். கரை வரிசையில் நின்று வந்தவள், நிற்காதவனுக்குச் சொல்லும் தகவல்.

தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகும் சாளைக்கு ஆட்கள் வந்தார்கள். பதினைந்து சொன்னேன். பதினாறாவதைச் சொல்லவில்லை. திருத்தியும் சொல்லவில்லை. திருத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அந்த 'நாங்கள்' உடைந்துபோகும். அந்த யோசனையை மறைத்துவிட்டால் அது செத்துப்போகும் என்று நினைத்தேன். அந்த வருஷக் கடைசியில் சாளையைப் பூட்டிக்கொண்டு நானே ஊரைவிட்டுப் போனேன்.

குமுளியில் ஒரு வாக்கியம்

எங்கெங்கோ திரிந்தேன். ஓர் இடத்தில் ஒரு வருஷம் இருந்தால் கால் அரிக்கும். கடைசியில் குமுளிப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதக் கிடைத்தது.

குமுளிக் கடைத்தெரு எப்போதும் ஈரமாக இருக்கும். ஏலக்காய் உலர்த்துகிற சூட்டின் மணமும், நனைந்த சாக்கின் நாற்றமும், அடிவாரத்துக் கம்பம் ஊரிலிருந்து மேலேறி வரும் வெற்றிலைக் கட்டின் பச்சை வாசமுமாகக் கலந்து அடிக்கும். ஒரு காலையில் கம்பத்துக்கு இறங்கும் வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் தோட்டத்து வேலைக்காரிகள் இரண்டு பேர். ஒருத்தி கைக்குழந்தைக்காரி, மூட்டையோடு இருந்தாள். மற்றவள் வழியனுப்ப வந்தவள். மதுரைப் பக்கத்துப் பேச்சு.

"ஏ புள்ள, நல்லாக் கேட்டுக்க. பொகக்கூண்டுக்குப் பக்கத்துல படுக்காத. நாரத்தங்கா எடுத்துக்கிட்டயா? இந்தா, இன்னொண்ணு. கடலுக்குப் பல்லு இருக்குத்தா. மஞ்சப் பூசுன ஒடம்பக் கண்டா அது வாயத் தொறக்காது. கப்பலுக்குப் போகயிலயே புள்ளைக்கு நல்லாப் பூசி விட்டுரு."

என் வாக்கியம். ஓர் எழுத்து சிந்தாமல் மலை ஏறி வந்திருந்தது. நான் சொன்ன பதினைந்து சரியான யோசனைகளில் எத்தனையோ வழியில் உதிர்ந்து போயிருக்கும். இது உதிராது. உதிராதபடி செய்தவன் நான்தான்.

வாயைத் திறந்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். குழந்தையும் பார்த்தது. அதன் கையில் கருவளையல்.

"இந்த வண்டி கம்பம் போகுமா?" என்று கேட்டேன்.

"போகும்யா, ஏறுங்க" என்றாள் வழியனுப்ப வந்தவள்.

அவர்களோடு அதே வண்டியில்தான் மலையிறங்கினேன். வளைவுக்கு வளைவு சொல்லிவிடலாம் என்று இருந்தேன். கடைசி வளைவு வந்து, வெயிலும் தென்னையும் வந்து, கம்பமும் வந்துவிட்டது. அவள் மூட்டையை இறக்கிவைக்க ஒரு கை கொடுத்தேன். அவ்வளவுதான் அவளுக்கு நான் செய்தது. அவள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெயரும் இப்போது என்னோடு இருந்திருக்கும் என்று பயந்தேனோ என்னவோ.

நாச்சிமுத்து

இப்போது நிலைமை வேறு. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் காடாகிக்கொண்டிருக்கின்றன. கப்பல்கள் இங்கிருந்து காலியாகப் போய் அங்கிருந்து நிறைந்து வருகின்றன. வருகிறவர்கள் முகத்தில் பேச்சே இல்லை. நானும் முதலமடைக்குத் திரும்பிவிட்டேன். சாளைக்கு யாரும் யோசனை கேட்டு வருவதில்லை.

பத்து நாளைக்கு முன்னால் நாச்சிமுத்து வந்தான். கடிதத்தில் மட்டும் எனக்குப் பழக்கமான மனுஷன். தோட்டத்தில் ஆட்குறைப்பு என்று அனுப்பிவிட்டார்களாம். மெலிந்து, நரைத்து, வெற்றிலைக் காவியேறிய பல்லோடு இருந்தான். கையில் மலாய்நாட்டு பிஸ்கட் தகரம் ஒன்று. என்முன் வைத்தான். பின்னால் மாராத்தாள் நின்றாள், அதே முருங்கை நிழலில்.

"எம்பட ஊட்டுக்காரிக்கு எத்தனையோ சொல்லிக் குடுத்தீங்களாமுங்க. அவளே சொன்னா. வழியில கொளந்தைக்குச் சொகமில்லாமப் போனது எங்க தலையெழுத்துங்க, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்றான்.

மாராத்தாள் அவனிடம் அவ்வளவுதான் சொல்லியிருந்தாள். இத்தனை வருஷமாக.

அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறுக்காவும் ஆளெடுக்காமயா போயிருவாங்க?" என்றான் நாச்சிமுத்து. "எடுத்தா இந்தத் தடவை ரண்டு பேருமாச் சேந்தே போயிரலாமுன்னு இருக்கறனுங்க. நான் போனது ஒண்டிக்கட்டையா. பொம்பளையெக் கூட்டிட்டுப் போறதுக்கு என்னென்ன வேணுமுன்னு சொல்லுங்க கப்பக்காரரே, கேட்டு வெச்சுக்கறேன்."

ஆளெடுக்கப்போவதில்லை. அவனுக்கும் அது தெரியும். இருந்தாலும் ஒரு கை விரலை மடக்கத் தயாராக நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சொன்னேன். புகைபோக்கி, தண்ணீர்க் குழாய், நாரத்தங்காய், கயிறு. பதினைந்தும் சொன்னேன். நிறுத்தினேன்.

மாராத்தாள் கிணற்றிலிருந்து பார்வையை எடுத்து என்னைப் பார்த்தாள். "இன்னொண்ணு இருக்குதுங்களே" என்றாள்.

காத்திருந்தாள். என் நாக்கு, கேட்டதற்கு முந்திப் பதில் சொல்லுமே அந்த நாக்கு, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அவளே புருஷன் பக்கம் திரும்பினாள்.

"மஞ்சளெ கப்பல் ஏறுன பொறவுதானுங்க பூசோணும். முன்னாடி பூசக் கூடாதுங்க."

நாச்சிமுத்து ஒரு விரலை மடக்கினான். சிரித்தான். "இதென்ன பெரிய விசயமா? இதுக்குப் போயி கப்பக்காரரு இத்தனை ரோசனை பண்றாரு."

"இல்லீங்க" என்றாள் மாராத்தாள். "சின்ன விசயந்தானுங்க."